பிள்ளைக்குக் காது கேட்குதா, யார் பார்த்தது?

அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று வீடு திரும்புகிறவர்கள் ஒரு பிளாஸ்டிக் கவரைப் பத்திரமாகக் கொண்டுவருவார்கள். உள்ளே டிஸ்சார்ஜ் சீட்டு, தாய்சேய் நல அட்டை, ஸ்கேன் படங்கள், கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் எழுதிய துண்டுத்தாள். பிள்ளையின் எடை அதில் இருக்கும். பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்ட தேதி இருக்கும். ஒன்றரை மாதம் கழித்து எந்தப் புதன்கிழமை தடுப்பூசிக்கு வர வேண்டும் என்பதும் இருக்கும். தூத்துக்குடி மாவட்டத்தில் உடன்குடி, குலசேகரன்பட்டினம், மணப்பாடு, பரமன்குறிச்சி, மெய்ஞ்ஞானபுரம் பக்கத்துத் தாய்மார்கள் அந்தக் கவரைப் பிரித்து ஒன்று பார்க்க வேண்டும். பிள்ளைக்குக் காது சோதனை நடந்ததா, முடிவு என்ன என்று எங்காவது ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் சந்தோஷம். இல்லாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பிறக்கும்போதே செவித்திறன் குறைந்த பிள்ளைகள் ஆயிரத்துக்கு ஒன்றோ இரண்டோ இருப்பார்கள் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட கணக்கு. ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் வருஷத்துக்கு ஆயிரம் பிரசவம் என்று வைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு பிள்ளைகள்தான் தேறும். கணக்கு இவ்வளவு சின்னதாக இருப்பதால்தான் யாருக்கும் அவசரம் இல்லை. டெங்கு வந்தால் ஊரே திரண்டு பேசும். காது கேளாத பிள்ளை ஒரு வீட்டுக்குள் இருக்கும். அதுவும் இரண்டு மூன்று வருஷம் யாருக்கும் தெரியாமல் இருக்கும்.

எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்கலாம். பிறந்த பிள்ளை யாருக்கும் பதில் சொல்வதில்லை, அதனால்தான். காது கேளாத பிள்ளையும் அழும், சிரிக்கும், ஆறு மாதம் வரைக்கும் மற்றப் பிள்ளைகளைப் போலவே மழலைச் சத்தம் போடும். அம்மா முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். பின்னால் நின்று கை தட்டினால் திரும்பவும் செய்யும். ஆனால் திரும்பியது சத்தத்துக்கா, கை அசைத்ததில் வந்த காற்றுக்கா, சுவரில் விழுந்த நிழலுக்கா என்று வீட்டில் யார் பிரித்துப் பார்ப்பது? குலசை தசராவுக்கு முத்தாரம்மன் கோயில் வாசலில் மேளமும் தாரை தப்பட்டையுமாக ஊரே அதிரும்போது மடியில் கிடந்து தூங்குகிற பிள்ளையைப் பார்த்து, "என்ன சமத்துப் பிள்ளை, கொஞ்சமும் பயம் இல்லையே" என்று சொல்லாதவர்கள் உண்டா? அந்தச் சமத்து சில வீடுகளில் முதல் அறிகுறி. அதை அறிகுறியென்று படிக்க வீட்டில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடப்பது இந்தப் பக்கத்து வீடுகளில் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஒன்றரை வயதில் தாய்க்குச் சந்தேகம் வரும். "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கான் அத்தை" என்பாள். மாமியார், "அவன் அப்பனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான், நீ ஒண்ணும் பயப்படாத" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. தாமதமாகப் பேசிய பிள்ளைகள் எல்லா வீட்டிலும் உண்டு. அந்த ஒரு சமாதானத்திலேயே ஒரு வருஷம் ஓடிவிடும். பனைத் தொழில் வீடு என்றால் சீசனில் நேரமே கிடையாது. விடியலில் இறக்கிய பதநீர் புளிக்கும் முன் காய்ச்சியாக வேண்டும். பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு விடிலி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு, தூத்துக்குடிக்கு ஒரு நாள் போய்வருவது என்றால் அன்றைய கருப்பட்டி போயிற்று என்று அர்த்தம். மூன்று வயதில் அங்கன்வாடி டீச்சர் சொல்லித்தான் பல வீடுகளில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறார்கள்.

ஊர்ப் பேச்சு வேறு. கிரகணத்தன்று வெளியே வந்தாளா, மாத்திரை சாப்பிட்டாளா என்று தாய்மீதே பழி விழும். சொந்தத்தில் கட்டியதால் என்பார்கள். தமிழ்நாட்டில் சொந்தத்துக்குள் நடக்கும் திருமணங்கள் அதிகம்தான். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, 2019-21-ல், நூற்றுக்கு 28 என்கிறது. பிறவிச் செவித்திறன் குறைவில் மரபணுவுக்குப் பெரிய பங்கு இருப்பதும், நெருங்கிய உறவுத் திருமணத்தில் அந்த வாய்ப்பு கூடுவதும் உண்மை. ஆனால் முடிந்துபோன கல்யாணத்தைப் பற்றிப் பிள்ளை பிறந்த பிறகு வீட்டுக்குள் விசாரணை நடத்தி என்ன ஆகப்போகிறது? குறை மாதத்தில் பிறந்து எடை குறைந்த பிள்ளை, ரத்தம் மாற்றும் அளவுக்கு மஞ்சள் காமாலை கண்ட பிள்ளை, பிறந்ததும் கண்ணாடிப் பெட்டியில் பல நாள் இருந்த பிள்ளை, மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளை, கர்ப்பத்தில் ருபெல்லா தாக்கிய தாயின் பிள்ளை ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். அதேசமயம் பிறவிக் குறைபாடுள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி எந்தக் காரணமும் முன்கூட்டித் தெரிவதில்லை. ஆபத்துள்ள பிள்ளைகளுக்கு மட்டும் சோதனை செய்தால் போதும் என்கிற பேச்சு அதனால்தான் எடுபடாது. பாதிப் பேரை நாமே விட்டுவிடுவோம்.

இந்தச் சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பிள்ளை பால் குடித்துத் தூங்க வேண்டும், அறை அமைதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. ஓ.ஏ.இ. என்று ஒரு கையடக்கக் கருவி. நுனியில் மெத்தென்ற சின்ன ரப்பர். அதைக் காதுக்குள் பொருத்தினால் மெல்லிய டிக் டிக் ஒலி போகும். உள்காதில் நல்ல நிலையில் இருக்கும் மயிரணுக்கள் அந்த ஒலிக்குத் தாங்களே ஒரு நுண்ணிய எதிரொலியைத் திருப்பி அனுப்பும். கருவி அதைப் பிடித்து 'பாஸ்' என்று காட்டும், பிடிபடாவிட்டால் 'ரெஃபர்'. ஒரு காதுக்குச் சில நிமிஷம் போதும். பச்சிளம் குழந்தைகள் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்த பிள்ளைகளுக்கு இது மட்டும் போதாது. உள்காது சரியாக இருந்து நரம்பில் கோளாறு இருந்தால் ஓ.ஏ.இ. ஏமாந்துவிடும். அவர்களுக்குத் தலையில் மின்முனை ஒட்டி, ஒலி மூளைத்தண்டுவரை போய்ச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் 'பெரா டெஸ்ட்' என்பார்கள். இந்த முறையில் வேலை செய்யும் 'சோஹம்' என்ற கருவியை இந்தியாவிலேயே வடிவமைத்து 2017-ல் மத்திய அரசே வெளியிட்டது.

எந்த வயதுக்குள் என்பதற்கு உலகளவில் ஒரு கணக்கு உண்டு: ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்கிவிட வேண்டும். ஆறு மாதம் என்பது வாய்க்கு வந்த எண் இல்லை. அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ குழுவினர் 1998-ல் வெளியிட்ட ஆய்வு, ஆறு மாதத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளின் மொழி வளர்ச்சி, அதற்குப் பின் கண்டுபிடிக்கப்பட்டவர்களைவிடத் தெளிவாக மேலே இருந்ததைக் காட்டியது. ஏழையா பணக்காரரா, குறைபாடு லேசா கடுமையா என்பதையெல்லாம் தாண்டி அந்த வித்தியாசம் நின்றது. இங்கிலாந்து அதற்குப் பின் சில வருஷங்களிலேயே நாடு முழுவதும் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் சோதனையைக் கொண்டுவந்துவிட்டது.

நம்மிடம் திட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. காகிதத்தில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. தேசியச் செவித்திறன் குறைபாட்டுத் தடுப்புத் திட்டம் 2007-ல் முன்னோட்டமாகத் தொடங்கியது. 2013-ல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டத்தின் பட்டியலில் பிறவிச் செவித்திறன் குறைபாடும் இருக்கிறது. அதன்படி பிரசவம் நடக்கிற இடத்திலேயே பிள்ளையைப் பார்க்க வேண்டும், குறை தெரிந்தால் மாவட்டத் தலைமையிடத்தில் உள்ள இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும், ஒன்றியத்துக்கு ஒன்றியம் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை வர வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 25-ஆம் பிரிவோ, வருஷத்துக்கு ஒரு தடவையாவது எல்லாக் குழந்தைகளையும் பரிசோதித்து ஆபத்துள்ளவர்களைக் கண்டறிய வேண்டும் என்று அரசுக்குக் கடமையே விதிக்கிறது. ஆக, நாம் கேட்பது சலுகை அல்ல.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அதே தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. பிறக்கிற பிள்ளை எல்லாம் பிறந்த அன்றே சுகாதாரத் துறையின் கண்முன்னே கிடக்கிறது. பீகாரிலோ ஜார்க்கண்டிலோ இருக்கும் சிக்கல் இங்கே இல்லை. இவ்வளவு கையருகில் இருக்கும் பிள்ளையை மூன்று வயதில் அங்கன்வாடி டீச்சர்தான் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்றால் யாரைக் குறை சொல்வது?

கருவி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியிலிருந்தே கருவி வாங்கலாம், சில லட்ச ரூபாய்தான். உடன்குடியில் 660 மெகாவாட்டில் இரண்டு அலகு அனல் மின் நிலையத்தையும், குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்தையும் கொண்டுவர முடிந்த அரசுகளுக்கு அது ஒரு செலவே இல்லை. உண்மையான ஓட்டை 'ரெஃபர்' என்ற சொல்லுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. பிறந்த ஒன்றிரண்டு நாளில் காதுக்குள் ஈரமும் மாவும் இருக்கும். நல்ல காதுகூட முதல் சோதனையில் 'ரெஃபர்' ஆகும். அதனால் இரண்டாவது சோதனை கட்டாயம். 'ரெஃபர்' வந்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் இரண்டாவது முறை 'பாஸ்' ஆகிவிடுவார்கள். ஆனால் அந்த இரண்டாவது முறைக்கு யார் கூட்டிக்கொண்டு போவது, எங்கே, எப்போது?

இங்கேதான் நம் ஊர் வழக்கம் குறுக்கே வருகிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில். புகுந்த வீடு உடன்குடி, பிறந்த வீடு நாங்குநேரிப் பக்கம் என்றால், பிரசவம் அங்கே, பதிவு இங்கே. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நாள் பார்த்துப் பிள்ளையோடு இங்கே வருவாள். அங்கத்திய கிராமச் செவிலியர், "அவுக மாமியார் வீட்டுக்குப் போயிட்டாவ" என்று குறித்துக்கொள்வார். இங்கத்திய செவிலியருக்கு அந்தப் பிள்ளை தடுப்பூசி அட்டையில் ஒரு பெயர், அவ்வளவே. கணவர் சென்னையிலோ மும்பையிலோ கடையில் நின்றால் சில மாதத்தில் அங்கே போய்விடுவாள். இப்படி மூன்று வீடு மாறுகிற பிள்ளையின் பின்னால் 'ரெஃபர்' என்ற தகவல் போகவே போகாது. ஆனால் தடுப்பூசி மட்டும் எப்படித் தவறாமல் போகிறது? அது அட்டையில் வரியாக இருக்கிறது. நாள் குறித்திருக்கிறது. வராவிட்டால் செவிலியர் போன் போட்டு, "எம்மா, பிள்ளைக்கு ஊசி போடலியே" என்று கேட்பார். காதுக்கும் அதையேதான் கேட்கிறோம். 6-ஆம் வாரம், 10-ஆம் வாரம், 14-ஆம் வாரம் என்று எப்படியும் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். முதல் சோதனையில் தவறிய பிள்ளைக்கு இரண்டாவது சோதனை 6-ஆம் வாரப் புதன்கிழமை அதே இடத்தில் நடக்கட்டும். அங்கும் 'ரெஃபர்' என்றால் பெரா சோதனைக்கு நாளும் நேரமும் குறித்துக் கையில் கொடுத்து அனுப்பட்டும். தகவல் பிக்மி எண்ணில் ஏறட்டும். பிள்ளை எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ச் செவிலியர் கண்ணில் படும்.

கருவிக்கு ஆள் இல்லை, செவித்திறன் நிபுணர் கிடைப்பதில்லை என்ற பதில் வரும். வரட்டும். கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் 2003-லேயே இதற்கு ஒரு வழி கண்டார்கள். குழந்தை மருத்துவர் ஆபிரகாம் பால் முன்னின்று நடத்திய ஏற்பாடு அது. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கருவி வாங்கவில்லை, ஆள் போடவில்லை. கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் முறை வைத்து ஒவ்வொரு பிரசவ ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தார்கள். தவறிய பிள்ளைகளுக்கு மறு சோதனையும் பெரா சோதனையும் ஒரே பொது மையத்தில். பத்து வருஷத்துக்கு மேல் நடந்த இந்த வேலையில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளைப் பார்த்தார்கள். நிரந்தரக் குறைபாடு உறுதியானது ஆயிரத்துக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். தமிழ்நாட்டிலும் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் செவித்திறன் துறையினர், கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்து முதல் சோதனையை ஊரிலேயே நடத்தினார்கள். வேனில் கருவியைக் கொண்டுபோய், நிபுணர் தொலைவில் இருந்தபடியே பெரா சோதனையைப் பார்த்து முடிவு சொல்லும் முறையையும் செய்து காட்டினார்கள். திருச்செந்தூர், சாத்தான்குளம், உடன்குடி, ஆத்தூர், ஸ்ரீவைகுண்டம் என்று ஒரு கருவி வாரம் முழுக்கச் சுற்றிவர முடியாதா? ஊரில் கோழித் தீவன வண்டிகூட முறை வைத்து வருகிறது.

உறுதியானபின் அலைச்சல் வேறு மாதிரி. காது மிஷின் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று அலுவலகக் கோப்பு மூடிக்கொள்ளும். வீட்டில் அப்போதுதான் வேலை ஆரம்பம். காதுக்கு அச்செடுத்துச் செய்கிற மோல்டு என்று ஒன்று உண்டு. பிள்ளையின் காது வளர வளர அது தளர்ந்துவிடும். தளர்ந்தால் மிஷின் கீச்சென்று கத்தும். கத்தினால் பிள்ளை பிடுங்கி எறியும், வீட்டிலும் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார்கள். முதல் வருஷத்தில் சில மாதத்துக்கு ஒருமுறை புது மோல்டு வேண்டும். பட்டன் பேட்டரி ஒன்றிரண்டு வாரத்தில் தீரும். நம் கடலோரத்து உப்புக்காற்றும் வேர்வையும் மிஷினுக்கு ஜென்மப் பகை. இரவில் ஈரம் உறிஞ்சும் மணி போட்ட டப்பாவில் வைக்க வேண்டும் என்பதைக்கூட எத்தனை பேருக்குச் சொல்லி அனுப்புகிறார்கள்? இந்த ஒவ்வொன்றுக்கும் உடன்குடியிலிருந்து திருச்செந்தூர் போய், பஸ் மாறி, இன்னும் நாற்பது கிலோமீட்டர் தூத்துக்குடிக்கோ, அறுபது கிலோமீட்டர் திருநெல்வேலிக்கோ போக வேண்டும். பெண்களுக்கு இலவசப் பயணம் டவுன் பஸ்ஸோடு சரி. இந்தப் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். ஒரு நாள் கூலி போகும்.

காக்ளியர் இம்பிளாண்ட் விஷயத்தில் தமிழ்நாடு முன்னோடி என்பதை மறுக்க வேண்டியதில்லை. பல லட்சம் ரூபாய் ஆகும் அறுவைச் சிகிச்சையை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் செய்கிறார்கள். ஆறு வயதுக்குள் என்பது வரம்பு. ஆனால் ஆறு வயது என்பது திட்டத்தின் வரம்பு, மூளையின் வரம்பு அல்ல. ஒலியைக் கேட்டுப் பழகும் சக்தி மூளைக்கு முதல் மூன்று வருஷத்தில்தான் உச்சம். நாலரை வயதில் அறுவைச் சிகிச்சை செய்த பிள்ளைக்கும் ஒரு வயதில் செய்த பிள்ளைக்கும் செலவு ஒன்றுதான், பலன் ஒன்றல்ல. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் கேட்டுப் பேசும் பயிற்சி வேண்டும். வெளியே மாட்டுகிற கருவியின் வயரும் காயிலும் பழுதானால் மாற்றும் செலவு பனை ஏறுகிறவரால் தாங்க முடிவதில்லை. இவ்வளவு பணம் போட்டு வைத்த கருவி ஒரு வயர் இல்லாமல் சும்மா கிடப்பதை அரசு தனக்கு நஷ்டமாகவாவது பார்க்க வேண்டும். உதிரி பாகங்களையும் காப்பீட்டில் சேர்ப்பது, பேச்சுப் பயிற்சியாளர் வாரம் ஒரு நாள் உடன்குடிக்கே வருவது, பயிற்சி நாளுக்குப் பஸ் செலவும் படியும் கொடுப்பது: இவை மூன்றும் இல்லாமல் 'இலவசம்' என்ற சொல் அரைகுறை.

மிஷின் எல்லோருக்கும் ஒத்துவராது, எல்லோருக்கும் வேண்டியதும் இல்லை. சைகை மொழி என்றாலே பெற்றோர் பயப்படுகிறார்கள். கற்றுக்கொடுத்தால் பிள்ளை பேசாமலே போய்விடும் என்று சிலர் சொல்லியும் அனுப்புகிறார்கள். அது சரியில்லை. வாயால் வந்தாலும் கையால் வந்தாலும் முதல் இரண்டு வருஷத்தில் பிள்ளைக்கு ஏதாவது ஒரு மொழி கிடைத்தாக வேண்டும், அது இல்லாமல் போவதுதான் பெருங்கேடு. இந்தத் தாமிரபரணிக் கரையில் அது புது விஷயமும் அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலேயே ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற மிஷனரிப் பெண்மணி பாளையங்கோட்டையில் காது கேளாதோருக்குப் பள்ளி தொடங்கினார். அவர் பெயரிலேயே அது இன்றைக்கு மேல்நிலைப் பள்ளியாக நடக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் அனுபவமுள்ள பள்ளி பக்கத்திலேயே இருக்கும்போது, கைக்குழந்தை வைத்திருக்கும் பெற்றோருக்குச் சைகை மொழி சொல்லிக்கொடுக்க ஆள் தேடி டெல்லிக்கா போக வேண்டும்?

தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் குறைதீர்க்கும் நாள். உடன்குடி ஒன்றியத்து ஊராட்சிகளில் கிராமசபை கூடும்போது தீர்மானம் போடலாம். அங்கே கேட்க வேண்டியது கருவி ஒன்று மட்டும் அல்ல. பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர், சோதனை செய்தது எத்தனை பேருக்கு, 'ரெஃபர்' ஆனவர்களில் திரும்ப வந்தது எத்தனை பேர், ஆறு மாதத்துக்குள் மிஷினோ பயிற்சியோ கிடைத்தது எத்தனை பேருக்கு என்ற நான்கு எண்களை மாவட்டச் சுகாதாரத் துறை மாதந்தோறும் ஒன்றியவாரியாக வெளியிட வேண்டும் என்று கேளுங்கள். கூடவே ஐந்தாவதாக ஒன்று. மாவட்டத்தில் எந்தச் சிறப்புப் பள்ளியில், எந்தப் பயிற்சி மையத்தில் காது கேளாத பிள்ளை சேர்ந்தாலும், எத்தனை மாத வயதில் கண்டுபிடிக்கப்பட்டது என்பதைச் சேர்க்கை விண்ணப்பத்திலேயே எழுதி வாங்க வேண்டும். அந்த வயது ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால், அந்தப் பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு விளக்கம் மாவட்டச் சுகாதார அலுவலர் மேசைக்கு வர வேண்டும்.